தொண்டை போன வருஷம்

ஆசிரியை ஆக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. டெலிபோன் ஆபீஸ் வேலைதான் ஆசை. "நாள் பூரா பேசிகினே கீறியே, டீச்சர் டிரெய்னிங்ல சேந்துடு. பேசறதுக்கே சம்பளம் குடுப்பாங்க" என்றார் அப்பா. பயிற்சிப் பள்ளியிலும் அதைத்தான் சொன்னார்கள்: குரல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஆரணி ஓரத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது. நல்ல ஆசிரியை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சில வருஷம் கழித்துப் பள்ளிச் சுவரை ஒட்டி ஒருவர் விசைத்தறி ஷெட் போட்டார். கைத்தறிச் சத்தம் எங்களுக்குப் பழகியது. இது அப்படியில்லை, மண்டைக்குள்ளேயே ஓடியது. கரண்டு போனால்தான் பாடம். எல்லோரும் கரண்டு வரக் காத்திருந்த ஊரில், அது போகாதா என்று ஏங்கியவள் நான் ஒருத்திதான்.

ஷெட்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் மகள் என் வகுப்பில்தான் படித்தாள்.

"மெஷினு நின்னா எங்க பொழப்பு நின்னுடும் டீச்சர். நீங்க கொஞ்சம் சத்தமா சொல்லிக் குடுங்களேன்."

தலைமையாசிரியரிடம் போனேன். "பேஜார் பண்ணாதீங்கம்மா, ஜன்னல சாத்திக்குங்க" என்றார். சாத்தினேன். பிள்ளைகள் வெந்தார்கள். சத்தம் குறையவில்லை.

கத்தினேன். வேறென்ன செய்ய? ஒருநாள் வாய்ப்பாடு சொல்லும்போது பாதியில் வெறும் காற்றுதான் வந்தது. வேலூர் டாக்டர் ஒரு மாதம் வாயையே திறக்கக் கூடாது என்றார். நான் டீச்சர் என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். "தொண்டையப் பாத்தாலே தெரியுதே" என்றார்.

லீவு மிச்சமில்லை. பேசாமலே பள்ளிக்குப் போனேன். 'எனக்குக் குரல் இல்லை. நீங்களே பாடத்தைப் படியுங்கள்' என்று பலகையில் எழுதினேன். வகுப்பு முழித்தது. ஷெட்காரர் மகள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டே ஒப்பிப்பாள். அவளும் பலகையைப் பார்த்து எழுத்துக் கூட்டித் தடுமாறினாள். இத்தனை நாளும் என் குரலைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்! யார்மீது கோபப்படுவதென்று தெரியவில்லை. கோபம் வந்தாலும் கத்தவும் முடியாது.

சின்னச் சின்னதாக எழுத ஆரம்பித்தேன். 'தண்ணீர் கொண்டு வா.' 'பக்கத்தில் இருப்பவளுக்குப் பின்னல் போடு.' படித்தவர்கள் செய்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள், பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்களிடம் காதோடு காதாகக் கேட்டார்கள். தறிச் சத்தத்தில் அப்படித்தான் கேட்க முடியும். மாதம் முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் பலகையைத் தாமாகவே படித்தார்கள்.

ஊரில் அதற்கு வேறு பெயர். ஒரு பையனின் அம்மா வாசலில் மறித்தார். "இன்னா டீச்சர், வாயே தொறக்க மாட்றீங்களாமே? சம்பளம் மட்டும் வாங்கிகினு கீறீங்களா?" பதிலுக்கு என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு துண்டு சாக்பீஸ். எழுதிக் காட்டச் சுவர் தேடுவதற்குள் போய்விட்டார்.

குரல் திரும்பியது. ஆனாலும் கத்துவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒருமுறை சொல்வேன், பிறகு அவர்களே படிக்கட்டும். அந்தச் சமயம் பார்த்து வட்டாரக் கல்வி அதிகாரி வந்தார்.

"பாடம் நடத்தாம உக்காந்துகினு இருக்கீங்க?"

"பசங்க படிச்சிகினு இருக்காங்க சார்."

"அது தெரியுதும்மா. நீங்க இன்னா பண்றீங்க?"

மெமோ வந்தது: உரத்த குரலில் பாடம் நடத்த வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அட்டைகள் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் புதுமுறை வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து தாமே படிப்பார்கள், ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க அதே அதிகாரி போளூரில் எங்களைக் கூட்டி, காலையிலிருந்து சாயங்காலம் வரை மைக்கில் பேசினார். பக்கத்திலிருந்த டீச்சர் குனிந்து, "நீங்க முன்னமே இப்டித்தான பண்ணிகினு இருந்தீங்க?" என்றார்.

"ஆமா. அதுக்குத்தான் மெமோ வாங்கினேன்."

பாட அட்டைகள் பெட்டியில் வந்தபோது, என் மூன்றாம் வகுப்புக்கு உரியவை இல்லை, ஒன்றாம் வகுப்பு அட்டைகளே இரண்டு செட் இருந்தன. மாற்றித் தரச் சொல்லி அலைந்ததில் அந்தப் பருவமே போய்விட்டது. அதுவரைக்கும் நான் பழையபடி பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.