வால்வில்தான் கோளாறு

என் அக்கா சித்ராதேவியின் வீட்டுக்காரர் ரெங்கராஜ் அத்தானுக்குத் தொழிலில் ஒரே ஒரு கர்வம் உண்டு. மெதுவாகத் தூக்குவது. துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் ஹைட்ராலிக் ஃபிட்டராக இருந்தவர். எண்ணெய் அழுத்தத்தில் பாரம் தூக்கும் இயந்திரங்கள் அங்கே அவர் கைபட்ட பிறகுதான் வெளியே போகும். சடாரென்று தூக்குவது எந்த மடையனுக்கும் வரும், ஒரு டன்னை அலுங்காமல் ஏற்றி அலுங்காமல் இறக்கத்தான் ஆள் வேண்டும் என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அப்பேர்ப்பட்டவரைக் கடைசி இரண்டு வருடம் ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஸ்பேனரை எடுத்துக் கொடு, கையெழுத்து வாங்கு, அவ்வளவுதான் வேலை. அங்கே மாற்றியவர் நல்லதம்பி என்கிற இன்ஜினியர். காரணம் கேட்டதற்கு, "வயசாச்சுல்ல, கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றாராம். அன்று வீட்டுக்கு வந்த அத்தான் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நல்லதம்பியைத் திட்டாமல் ஒரு வாய் காபி அவர் தொண்டையில் இறங்கியதில்லை. கூடச் சேர்ந்து நானும் திட்டினேன். முகம் தெரியாத மனிதரை அப்படித் திட்டலாமா என்று கேட்டால், அக்கா புருஷனுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் மச்சினன் என்று நான் எதற்கு?

ரிட்டயராகி ஐந்தாவது மாதம் ஒரு மினி லாரி ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருக்கும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதன் மேல் ஒரு குட்டி டிராக்டர். கொள்ளிடக் கரையில் மூடிப்போன ஒரு நர்சரியில் ஆறு வருடம் மழையில் நனைந்த ஜப்பான் சாமான். முன்னால் மண் அள்ள இரண்டு இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு பக்கெட். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. தெருப் பிள்ளைகள் அதற்குக் 'குட்டி ஜேசிபி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"துணி காயப்போட இருந்ததே அந்த ஒரு எடம்தான். அங்க போயி இந்தப் பொணத்த எறக்குறீங்களே!"

அத்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ளே, ஆயுத பூஜைக்கு இதை ஓட வச்சிருவேன். அன்னிக்கு அந்த நல்லதம்பியக் கூப்பிடப் போறேன். அந்தாளு கண்ணு முன்னால பக்கெட் நிறைய மண்ண அள்ளி, துளி மண்ணு சிந்தாமத் தூக்கிக் காட்டணும். என்னைய ஸ்டோர்ல உக்கார வச்சது தப்புன்னு அவரு வாயால சொல்லணும். அது போதும் எனக்கு."

சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. செய்யுங்கள் அத்தான், நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டிக்காரன். ஞாயிறு மதியம் கடையை மூடிக்கொண்டு நேரே அங்கே போய்விடுவேன். வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டார்ச் பிடிப்பது, கீழே விழுந்ததைப் பொறுக்கித் தருவது. "ஒனக்கு வெங்காயம் உரிக்கத்தான்யா லாயக்கு" என்று வைவார். டீசல் டேங்கில் தார் மாதிரி கசடு. துருப்பிடித்து இறுகிய போல்ட்டுகள் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறிய பிறகே அசைந்தன. பம்ப்பைப் பாலக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்து வந்தோம். எண்ணெய்க் குழாய் அத்தனையும் புதிது. வெயிலில் அவர் முதுகு கறுத்தது, உடம்பு பாதியாக இளைத்தது. ஆனால் மனிதர் அந்தச் சில மாதம்தான் சிரித்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஆவணி மாதம் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வீடு முழுக்கக் கரும்புகை. அத்தான் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பக்கெட்டைத் தூக்கும் லிவரை மெல்ல இழுத்தார். பக்கெட் எழும்பியது. எழும்பும்போதே குளிர் ஜுரம் வந்ததுபோல் வெடவெடவென்று நடுங்கியது. உள்ளே இருந்த மண் இரண்டு பக்கமும் கொட்டியது.

"குழாய்ல காத்து அடைச்சிருக்கு" என்றார். காற்றை எடுத்தார். நடுக்கம் போகவில்லை. வால்வில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி சீல் மாற்றினார். அப்படியே இருந்தது. மறுபடி கழற்றி, உள்ளே இருக்கும் தண்டை லேத்தில் கொடுத்துத் தேய்த்து வாங்கினார். ம்ஹூம். மூன்றாம் முறை கழற்றும்போது சின்ன ரப்பர் வளையங்கள் அவர் விரலிலிருந்து நழுவி நழுவி விழுந்தன. "இந்தக் காலத்துச் சரக்கே இப்படித்தான், கையில நிக்குதா பாரு" என்று எரிந்து விழுந்தார். நான் மண்ணில் தவழ்ந்து தேடினேன். தேடத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"டேய் சங்கரு, போதும்னு சொல்லுடா அவருகிட்ட. நீ சொன்னா கேப்பாரு."

"ஏன்க்கா, மனுஷன் ஆசையா ஒண்ணு செய்யறாரு, ஒனக்கு ஏன் கண்ணக் கரிக்குது?" என்று நான் கத்தினேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பாட்டுக்கு வெளியே வந்து டார்ச்சைப் பிடித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டருக்குப் பச்சைப் பெயிண்ட், சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். அதற்கு முந்தைய நாள் வரை வால்வு அவரைப் படுத்திக்கொண்டுதான் இருந்தது. இன்னொரு நாள் கூப்பிடலாமே என்றேன். ஊர் பூராவும் சொல்லியாச்சு, பூஜை போட்டால் சரியாகிவிடும் என்றார். சாமியை அதிகம் கும்பிடாத மனிதர் அவர்.

பதினோரு மணிக்கு நல்லதம்பி ஸ்கூட்டரில் வந்தார். கையில் ஒரு டப்பா இனிப்பு. ஒடிசலான, மெதுவாகப் பேசுகிற ஆள். நான் மனதுக்குள் கட்டி வைத்திருந்த வில்லன் வேறு. சுண்டலை வாங்கிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சல்லடையா இருந்த வண்டின்னு சொன்னாங்க. இப்படிப் பண்ணியிருக்கீங்களே ரெங்கராஜ்!" என்று வாயாரப் பாராட்டினார். அத்தான் நெஞ்சு நிமிர்ந்தது.

சக்கரம் எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. மண் குவியலில் பக்கெட்டைக் குத்தி நிறைய அள்ளினார். லிவரை இழுத்தார். பக்கெட் நடுங்கியது. பொலபொலவென்று மண் கொட்டியது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வால்வுல சின்னக் கோளாறு சார். எல்லாத்தையும் மாத்திட்டேன், இது ஒண்ணுதான் பிடிபட மாட்டேங்குது. நீங்களே பாருங்க" என்று அத்தான் கீழே இறங்கினார்.

நல்லதம்பி ஒரு நிமிஷம் தயங்கினார். வேண்டாமே என்பதுபோல் அக்காவைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, நான்தான், "ஏறுங்க சார், பெரிய இன்ஜினியர்தானே நீங்க" என்று குத்தலாகச் சொன்னேன். என் நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும்.

அவர் ஏறினார். மிச்ச மண்ணையும் பக்கெட்டில் அள்ளிக்கொண்டு லிவரை இழுத்தார். பக்கெட் எழும்பியது. மெதுவாக, கொஞ்சமும் அலுங்காமல், அத்தான் வாழ்க்கை பூராவும் சொன்ன அதே மாதிரி எழும்பி, உச்சியில் போய் நின்றது. ஒரு துளி மண் விழவில்லை.

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் பக்கெட்டைப் பார்க்கவில்லை. தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். விரல்கள் தானாக ஆடிக்கொண்டிருந்தன. வண்டி மேல் உட்கார்ந்திருக்கும்போது உடம்பே ஆடும், கை ஆடுவது எங்கே தெரியப்போகிறது! வெறும் தரையில் நின்றபோது மறைக்க ஒன்றும் இல்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரு வருடமாக அவருக்குக் காபியை அரை டம்ளர்தான் ஊற்றுகிறேன் என்று பிற்பாடு சொன்னாள்.

"சார், அதுக்குத்தான் என்னைய ஸ்டோருக்கு மாத்தினீங்களா?"

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு தடவ லோடு ஆடிச்சு, ரெங்கராஜ். கீழ ஆளு நின்னுட்டு இருந்தாங்க. மேல எழுதியிருந்தா ஒங்கள அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"மூணு வருஷமா ஒங்களத் திட்டாத நாளில்ல சார் நான்."

"தெரியும்ங்க. பரவாயில்ல. வாங்க, வந்து நீங்களே எறக்குங்க. ஒங்க வண்டி."

அவர் இடம் விட்டு நகர்ந்து கையை நீட்டினார். அத்தான் இரண்டு எட்டு வைத்தார். ஏறும் படியில் ஒரு காலை வைத்தார். அப்புறம் அந்தக் காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டார்.

"கீழ புள்ளைங்க நிக்குதுங்க சார்" என்றார். "நீங்களே எறக்கிருங்க."