கடலுக்குப் போன ஸ்வெட்டர்

இன்று சிவாஜிநகர் மழையில் நனைந்து வந்து ஸ்வெட்டரைக் கழற்றியபோது எழுந்த ஈரக் கம்பளி வாசனை, கடல் அரிக்காமலிருக்கக் கல் கொட்டி இப்போது வெறும் கருங்கல் குவியலாகிவிட்ட ஒரு கடற்கரைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

அப்போது நான் சின்னப் பெண். பெங்களூர்ப் பழக்கத்தில் அம்மா அங்கேயும் எனக்கு ஸ்வெட்டர் மாட்டிவிட்டிருந்தாள். லாரி டியூபில் மிதந்த பிள்ளைகள், "கடலுக்கு ஸ்வெட்டராடி?" என்று சிரிக்க, உள்ளே வெறும் பெட்டிகோட் என்பதால் கழற்றவும் கூசி, கடலைத் தொடாமலே ஊர் திரும்பிவிடுவேன் போல மணலில் நின்றேன். எங்களோடு பெங்களூரிலிருந்து வந்து, புளிசாதம் பிரித்துக்கொண்டிருந்த அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த தன் ஸ்வெட்டரைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"வா கண்ணு, சிரிக்கிறதுங்க நம்ம ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்."

கைகோத்து அலைக்குள் இறங்கினோம். உப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய அவள் ஸ்வெட்டர் அதன்பின் அவளுக்குப் பத்தவே இல்லை. அடுத்த மார்கழிக்கு அதை நான்தான் போட்டுக்கொண்டேன்.