காது செட்டான டீ

எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரு பழக்கம் இருந்தது. புதிதாக வேலைக்கு வந்தவனுக்குக் காது செட்டாகிவிட்டால், லைனில் இருக்கிற எல்லாருக்கும் அவன் டீயும் போண்டாவும் வாங்கித் தர வேண்டும். முதல் சம்பளத்துக்குக்கூட யாரும் இப்படி விடாப்பிடியாகக் கேட்டதில்லை.

காது செட்டாவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற இடம் அது. பெரிய ஷெட். அதில் வரிசையாக மெஷின்கள். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும், கடைவாய்ப் பல்லும் சேர்ந்து அதிரும். முதல் நாள் ஷிப்ட் முடித்து வெளியே வந்தபோது காதில் யாரோ பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. புதுவாயலில் பஸ் ஏறினால் கண்டக்டரின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் மட்டும் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. வீட்டுக்கு வந்து படுத்ததும் காதுக்குள் சில்வண்டு கத்த ஆரம்பித்தது. அது மாதக்கணக்கில் கத்தியது.

கம்பெனி ஒன்றும் கொடுக்காமல் இல்லை. கயிறு கோத்த மஞ்சள் இயர் பிளக் கொடுத்தது. அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வோம். ஆடிட்டுக்கு ஆள் வந்தால்தான் அது காதுக்கு ஏறும். தகடு சரியாக உட்கார்ந்ததா, கோணலாகப் போனதா என்பதை அடி விழும் சத்தத்தை வைத்தே சொல்கிறவன்தான் எங்களிடம் ஆபரேட்டர். பிளக் மாட்டிக்கொண்டு நிற்கிறவனை, இவனுக்கு இன்னும் வேலை பிடிபடவில்லை என்பார்கள்.

எனக்கு வேலை பழக்கியவர் ஓர் எளாவூர்க்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தினமும் டீ நேரத்தில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"இன்னாபா, பூச்சி இன்னும் கத்திக்கினு கீதா?"

"கத்துதுண்ணே. தூக்கமே வரல. பேஜாரா கீது."

"கத்தட்டும் உடு. காது பழகணும் இல்ல? செட்டாயிடும்."

சொன்ன மாதிரியே ஆனது. சில மாதங்களில் சில்வண்டு அடங்கியது. அதைவிட அதிசயம், ஷெட்டுக்குள் நுழைந்தால் முன்பு மண்டையைப் பிளந்த சத்தம் இப்போது பாந்தமாக இருந்தது. அவரிடம் சொன்னேன். அவர் லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். அன்று கம்பெனி கேட்டுக்கு எதிர்ப்புறத்து டீக்கடையில் எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். "இப்பதான்யா நீ பிரஸ் ஷாப் ஆளு" என்றார் ஒருவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. போண்டா சூடாக இருந்தது, இன்னொரு தட்டும் சொன்னேன்.

அதற்கு அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆனது.

என் மனைவி ஊத்துக்கோட்டைப் பக்கம். அவள் குரலைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளாளுக்குப் பூசணிக்காய், கோழி, வாழைத்தார் என்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஏலம் விடுவது ஆண்களின் வேலையாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் மைக் பழுதாகிவிட்டது. ஏலம் விட்ட பெரியவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இவள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து பூசணிக்காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏ, நல்லா பாத்துக்கோங்க, மருந்து அடிக்காத காயி. ஒரு தரம். யோவ் மாமா, பாக்கெட்ட தொட்டுப் பாத்தா மட்டும் போதாது, வாயத் தொற. ரெண்டு தரம்."

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் உள்ளே வந்து ஏலம் கேட்டார்கள். அதற்குப் பிறகு எந்த வருஷமும் வேறு யாரையும் ஏலம் விடச் சொல்லவில்லை. மைக்கும் வைக்கவில்லை. கணீர் என்ற குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு மார்பை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குரல் இருந்ததால்தான் என் காது போனது யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. வீட்டில் அவள் பேசுவது எனக்குக் கேட்டது. வெளியே நாலு பேர் பேசினால் அவள் அதைத் திரும்ப ஒரு முறை சொல்வாள், அது அவள் வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். டிவியில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று டிவியைத் திட்டினேன். போதகர் வயதாகி வாயைத் திறக்காமல் பிரசங்கம் பண்ணுகிறார் என்று சொல்லித் திரிந்தேன். கொரோனா வந்து ஊரே மாஸ்க் போட்டதும் எனக்கு எதுவும் விளங்காமல் போனது. துணியைக் கட்டிக்கொண்டு பேசினால் எவனுக்குப் புரியும் என்று அதற்கும் துணியைத்தான் திட்டினேன். அதுவரை பாதிப் பேச்சை நான் உதட்டைப் பார்த்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தெரியாது.

பிறகு அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கியது. சென்னையில் ஆபரேஷன் என்று முடிவானது. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு கவனமாக எடுத்தாலும் குரல் பாதிக்கலாம் என்றார். அப்போதுதான் ஒரு விசித்திரத்தைச் சொன்னார். மூளையிலிருந்து கிளம்பும் அந்த நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லையாம். கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இருதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாயை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மேலே ஏறித்தான் தொண்டைக்கு வருகிறதாம். இவளுக்குக் கட்டி ஒட்டியிருந்த இடது பக்க நரம்பு அப்படி. தன் சட்டையின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பக்கத்தில் எளாவூருக்குப் புறப்பட்டவன் ஊத்துக்கோட்டை போய்ச் சுற்றிக்கொண்டா வருவான்? நேராகப் போயிருந்தால் இவளுடைய நரம்பு அந்தக் கட்டியின் அடியில் வந்து மாட்டியிருக்காது. படைத்தவரிடம் கேட்க முடியாது. டாக்டரிடம் கேட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்.

கட்டி போனது. கெட்ட கட்டி இல்லை என்றும் சொன்னார்கள். அதற்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் குரல் திரும்பவில்லை. பேசினால் காற்று வந்தது, காற்றுக்கு நடுவில் கொஞ்சம் சொல் வந்தது. மாதங்கள் போனால் தேறலாம் என்றார்கள். கொஞ்சம் தேறியது, காற்று குறைந்து கரகரப்பாக நின்றுவிட்டது. மற்றவர்கள் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள். எனக்கு ஒன்றுமே எட்டவில்லை. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்து ஒப்பேற்றினேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூப்பிடத் தட்டில் கரண்டியால் தட்டுவாள். ஒரு நாள் தட்டித் தட்டிச் சலித்துப்போய் என் முன்னால் வந்து நின்றாள்.

"நானே கஷ்டப்பட்டு பேசறேன். நீ வேணும்னே கேக்காத மாதிரி குந்திக்கினு கீற."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த வாரமே காது டெஸ்டுக்குப் போனேன்.

சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் வந்தால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். நான் சத்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். வெளியே இருந்த பெண்ணோ எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரமும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

வெளியே வந்ததும் அவள் விளக்கினாள். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். சத்தம் வந்தால் அவை அசையும், அந்த அசைவைத்தான் மூளை கேட்கிறது. கீச்சென்ற மெல்லிய சத்தங்களுக்கான மயிர்கள் நுழையும் இடத்துப் பக்கம் இருக்கின்றன. பெரிய சத்தத்தில் அந்தப் பக்கம்தான் முதலில் அடிவாங்கும். கனமான சத்தத்துக்கானவை உள்ளே தள்ளி இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். அதனால் ஒருவர் பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்று தெரியாது. ச, த, ப மாதிரி சொல்லுக்கு முனை கொடுக்கிற ஒலிகளில் நிறைய அந்த மெல்லிய பக்கத்தைச் சேர்ந்தவை. அவை போய்விட்டால் மூளை தானே ஒரு குத்துமதிப்பாக இட்டு நிரப்பிக்கொள்ளுமாம்.

"திரும்ப மொளைக்காதாம்மா?" என்று கேட்டேன்.

"மொளைக்காது சார். பிறக்கும்போது என்ன இருந்துச்சோ அவ்வளவுதான்."

கல்லீரலைப் பாதி வெட்டி இன்னொருவருக்குக் கொடுத்தால்கூட வளர்ந்துவிடுகிறது. எலும்பு முறிந்தால் ஒட்டிக்கொள்கிறது. தோல் தினமும் உதிர்ந்து தினமும் வருகிறது. குடித்துக் கெடுப்பவனுடைய கல்லீரலுக்குக் கொடுத்த சலுகையைக் காதுக்கும் கொடுத்திருக்கலாம். கண்ணுக்காவது மூடிக்கொள்ள இமை இருக்கிறது. காதுக்கு அதுவும் இல்லை.

பிரஸ் ஷாப்பில் காது செட்டானதை அந்தப் பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"சார், காது பழகலை. கேக்குறது கொறஞ்சுது. அதனாலதான் சத்தம் கம்மியா தெரிஞ்சுது."

அப்படியானால் அந்த டீ எதற்கு? செத்த காதுக்கு நானே போண்டா வாங்கி ஊட்டியிருக்கிறேன், இன்னொரு தட்டும் சொல்லி. கொஞ்ச நாள் எளாவூர்க்காரர் மேல் கோபமாக இருந்தது. ஒரு நாள் செக்போஸ்ட் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் "இன்னா?" என்றார். அவர் சொன்னது எனக்கும் கேட்கவில்லை. லாரிகள் வேறு இரைந்துகொண்டிருந்தன. கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்துவிட்டேன். அவரும் ஒரு காலத்தில் யாருக்கோ டீ வாங்கிக் கொடுத்தவர்தானே.

காது மிஷின் வந்தது. மாட்டிய அன்று வீடு முழுக்க ஒரே கலவரம். கடுகு வெடிப்பதற்குச் சத்தம் உண்டு என்பதையே மறந்திருந்தேன். பிளாஸ்டிக் கவரைக் கசக்கினால் எரிச்சலாக இருந்தது. நான் செருப்பைத் தேய்த்து நடப்பது எனக்கே அசிங்கமாகக் கேட்டது. மனைவி பின்னாலிருந்து, "சாப்டறியா?" என்றாள். கரகரவென்று, நடுவில் காற்றோடு வந்தது. அந்தச் 'சா' துல்லியமாகக் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே "உம்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது அது மனதில் இடித்தது. காது செட்டானது கல்யாணத்துக்கு முந்தின வருஷம். இத்தனை வருஷம் அவள் என்னோடு பேசியதும், திட்டியதும், ஏலம் விட்டதும் முனை மழுங்கித்தான் எனக்கு வந்திருக்கிறது. முழுதாகக் கேட்கிற மிஷின் கிடைத்தபோது அந்தக் குரல் இல்லை. ஊர் முழுக்கக் கேட்ட குரலை அவளோடு குடித்தனம் பண்ணிய நான் கேட்டதே இல்லை. ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முந்தி இந்த டெஸ்டுக்குப் போயிருந்தால் போதும். ஒரு வாரம் முந்திகூடப் போதும்.

சபையில் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன், அவள் குரல் எப்படி இருந்தது என்று. என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "கணீர்னு இருக்கும்" என்றார்கள். அது எனக்கும் தெரியும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்கோட்டையிலிருந்து என் கொழுந்தியாள் வந்திருந்தாள். அவளிடமும் அதையேதான் கேட்டேன். அவள் யோசித்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் ஒன்று இன்னும் அழியாமல் இருக்கும் என்று தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். காது மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"ஏ, வரசொல்ல முருங்கக்கீர பறிச்சாந்துடு. போன தபா கொண்டாந்தியே, எல்லாம் பழுப்பு. நாஷ்டாக்குள்ள வந்துடு. பஸ்ஸு இல்லன்னா ஷேர் ஆட்டோல ஏறு, கால் நோவ நடந்துக்கினு வராத."

கடைசியில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு மேலே ஏறி, உடைந்து, சின்னதாக ஒரு கீச்சோடு முடிந்தது. எத்தனையோ தடவை அவள் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கீச்சு எனக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் புது ஊசி மாதிரி இருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன்.

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அடுக்களையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். ஏதோ சொன்னாள். போனில் சிரிப்பு வரப்போகிற இடம் அது. நான் நிமிராமல் கையைத் தூக்கினேன்.

"இரு, பேசாத."

சிரிப்பு வந்து முடிந்தது. நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

சாயங்காலம் கொழுந்தியாளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வருவது தெரிந்ததும் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"மாமா, அக்கா அப்ப இன்னா கேட்டுச்சு தெரியுமா?"

"கேக்கலமா. போன்ல கவனமா இருந்துட்டேன்."

"'அது யாரு, நானா?'ன்னு கேட்டுச்சு."