வாசலிலேயே நின்ற மாப்பிள்ளை

என் கம்ப்யூட்டர் இப்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தில்தான் ஓடுகிறது. அதற்கு மேல் ஒரு சொட்டுகூட இல்லை. முன்பெல்லாம் யாராவது இப்படிச் சொன்னால் முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பேன். இப்போது நானே சொல்கிறேன், கூச்சமே இல்லை. நிம்மதியாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மேல்மாடியில், கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுக்கும் இடத்தில் எனக்கு வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருவேன். வீட்டிலும் சொந்தமாகச் சில வேலைகளை எடுத்துச் செய்வதுண்டு. அதற்காக ஒவ்வொரு சாமானாக நானே பார்த்துப் பார்த்து வாங்கி, நானே பொருத்திய கம்ப்யூட்டர் அது. அதில் எனக்கு உயிரே ரேம்தான்.

ரேம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது சாமான்களைப் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை. படம் டிஸ்க்கில் கிடக்கும். அதை எடுத்து ரேமில் வைத்துத்தான் காட்டும், வெட்டும், வேறு இடத்துக்கு நகலும் எடுக்கும். விற்கும்போது பெட்டியில் ஒரு வேகம் போட்டிருப்பார்கள். என்னுடையதில் ஆறாயிரம். அத்தோடு விட்டால் ஒரு குறையுமில்லை. ஆனால் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, உள்ளமைப்பில் ஒவ்வோர் எண்ணாக இறுக்கிக்கொண்டே போனால் அதற்கு மேலும் ஓடும். இதைத்தான் ஓவர்கிளாக் செய்வது என்கிறோம். ஆறாயிரத்து அறுநூறு வரை கொண்டுபோனேன். வீடியோ கொஞ்சம் சீக்கிரம் தயாராகும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அது எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை மட்டும் மூன்று தடவை மாற்றியிருக்கிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ரேமில் வைப்பது அப்படியே நிற்காது, மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதுபோல் கம்ப்யூட்டர் அதை அவ்வப்போது நிரப்ப வேண்டும். நிரப்பும் நேரத்தில் வேறு வேலை நடக்காது. ஆகவே என்னைப் போன்ற பைத்தியங்கள் அந்த இடைவெளியை நீட்டிவிடுவோம். காலியாவதற்குள் நிரப்பிவிட்டால் போதும், வேகம் லாபம்.

இப்படி இறுக்கிய பிறகு சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று மென்பொருள் இருக்கிறது. ரேம் முழுக்க எதையாவது எழுதும், திரும்பப் படிக்கும், எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று விடிய விடியப் பார்க்கும். அதை ஓடவிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் திரையைத்தான் பார்ப்பேன். பிழை பூஜ்யம் என்று இருக்கும். அன்றைக்கு முழுக்க ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு போனாலும் எனக்குக் கோபமே வராது.

கம்ப்யூட்டர் எங்கள் படுக்கையறையில் இருந்தது. வீட்டில் குளிரூட்டும் ஏர்கோன் உள்ள ஒரே அறை அதுதான். கரண்டு பில்லுக்குப் பயந்து அதை ராத்திரியில் மட்டும்தான் போடுவோம். கிள்ளானில் எங்களைப் போன்ற குடும்பங்களில் இதுதான் வழக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நானும் யோசிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனாருக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாமனாருக்கு டெங்கிக் காய்ச்சல். ரத்தத்தில் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கிவிட்டன, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். குறித்த முகூர்த்தத்தை மாற்ற முடியாது. மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவோ நல்லவர்கள்தான், ஆனாலும் கோயில், சாப்பாடு, வந்து இறங்கிய உறவுக்காரர்கள் என்று எல்லாம் தயாராக இருந்தது. மாமாவே படுக்கையிலிருந்து, “நடத்துங்க, நா வீடியோல பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டார். வீடியோ எடுக்கும் பொறுப்பு என்னுடையது.

எனக்கும் நாத்தனாருக்கும் அதுவரை அவ்வளவாக ஒட்டாது. நான் எது செய்தாலும் அவளுக்கு ஒரு “ஓ” இருக்கும். ஆனால் கல்யாணத்தன்று காலையில், அலங்காரத்தோடு கோயில் பின்னறையில் உட்கார்ந்திருந்தவள், என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

“அண்ணி, தாலி கட்டறப்ப கேமரா எந்தப் பக்கம் இருக்கும்?”

“ஐயருக்கு வலது பக்கம், தூணு ஓரத்துல. ஏன்மா?”

“சும்மாதான். எடத்த மாத்திறாதீங்க.”

நான் மாற்றவில்லை. தாலி கட்டும் நேரத்தில் கோயிலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் மஞ்சள் அரிசி, ஆகவே ஒரு கையிலும் போன் நிலையாக நிற்கவில்லை. பிறகு வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் யாருடைய முதுகோ, யாருடைய கொண்டையோதான். தூணோரம் முக்காலியில் நின்ற என் கேமராவில் மட்டும் முகம் விழுந்தது. கெட்டிமேளம் கொட்டியபோது, “தலையக் குனிமா” என்று ஐயர் சொன்னார். அவள் குனியவில்லை. நிமிர்ந்து நேராக என் கேமராவைப் பார்த்தாள். அவள் பார்த்தது என்னை அல்ல என்பது எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இதைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மாமா தானாகவே பார்க்கட்டும் என்று வைத்திருந்தேன்.

கேமரா அட்டைகளிலிருந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அதே கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு நகல் போட்டேன். அட்டைகளை அழித்து, பூச்சோங்கில் ஒரு காதுகுத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். இதுதான் எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. படத்தையும் ராத்திரிகளில் உட்கார்ந்து வெட்டி முடித்தேன்.

மாமா உடம்பு தேறி வீட்டுக்கு வந்த பிறகு மறுவீட்டு விருந்து வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம். போனில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “சின்னப் படத்துல எதுக்கு? எல்லாரும் வரட்டும், பெரிசா பாக்கறேன்” என்றார். ஆகவே காலையிலேயே கம்ப்யூட்டரைக் கூடத்துக்குத் தூக்கி வந்து டிவியோடு இணைத்தேன். வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் புகைப்படங்களைச் சேர்த்து ஒரு குட்டிப் படமும் தயாராகட்டும் என்று ஓடவிட்டுவிட்டு, பரிமாறப் போய்விட்டேன். வெளியே வெயில் பிளந்தது. சமையலறையில் நண்டுப் பிரட்டல். கூடத்தில் நாற்பது பேருக்கு ஒரே ஒரு காற்றாடி. நான் இலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கம்ப்யூட்டர் பார்க்க நன்றாயில்லை, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று என் மாமியார் அதன் மேல் ஒரு பூவேலை செய்த துணியை அழகாகப் போர்த்திவிட்டார். டிவிக்கும் பிரிட்ஜுக்கும் போடுகிற அதே துணி.

சாப்பாடு முடிந்தது. மாமா வேட்டி சட்டையில், நெற்றியில் பட்டையோடு, டிவிக்கு எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டெங்கியில் பாதி உடம்பு போயிருந்தது, சட்டை தோளில் தொங்கியது. பக்கத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும். படத்தைப் போட்டேன்.

மாலை மாற்றும் இடத்தில் படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறி அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. இன்னொரு டிஸ்க்கில் இருந்த நகலைத் திறந்தேன். சேதமடைந்த கோப்பு என்றது. வெட்டாத மூலப்படத்தைத் திறந்தேன். அதுவும் சிதறியது. அட்டைகளில் இப்போது இருப்பது பூச்சோங் குழந்தையின் காது. அவளுடைய அந்தப் பார்வை உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

“என்ன ஆச்சு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒன்னுமில்ல. பென்டிரைவ்ல போட்டு டிவில சொருகறேன்.”

“நா அப்பவே சொன்னேன், அத நோண்டாதன்னு.”

“புகைக்குழா பத்தி நா பேசவா?”

அவர் உட்கார்ந்துகொண்டார். நகல் எடுத்துச் சொருகினேன். மாப்பிள்ளை நடந்து வந்தார், மாலை மாற்றும்போது நின்றார். அழித்துவிட்டு மறுபடியும் நகல் எடுத்தேன். இந்தத் தடவை மாப்பிள்ளை கோயில் வாசலைக்கூடத் தாண்டவில்லை. நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய “ஓ” வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காப்பாரிலிருந்து வந்திருந்த சின்னத்தை, என் மாமியாரின் தங்கை, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்.

“என்னா லா இது? மொதல்ல நல்லாத்தான நடந்து வந்தாரு, மாலை மாத்தறப்பதான் நின்னாரு. இப்ப வாசல்லயே நின்னுட்டாரு. யோசன பண்றாரு போல!”

கூடமே சிரித்தது, மாப்பிள்ளையும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் தலைக்குள் ஏதோ சட்டென்று திரும்பியது. படம் கெட்டுப்போயிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில்தானே நிற்க வேண்டும்? ஒரே படம், ஒவ்வொரு நகலிலும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால், கெட்டது படம் இல்லை. நகல் எடுக்கிற கைதான் நடுங்குகிறது.

திரும்பினேன். அப்போதுதான் அந்தப் பூவேலைத் துணி கண்ணில் பட்டது. உருவினேன். கம்ப்யூட்டரின் மேல்பக்கம் தொட முடியாத சூடு.

சூட்டில் ரேம் வேகமாகக் கசியும். இது எனக்குத் தெரியாத விஷயமா? நூறு தடவை படித்திருக்கிறேன். ஆனால் நான் சோதித்த ராத்திரிகள் எல்லாம் ஏர்கோனுக்குள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கிய ராத்திரிகள். நண்டு வேகிற மதிய நேரத்துக் கூடத்தில் நான் ஒருநாளும் அதைச் சோதித்ததில்லை.

“மாமா, கொஞ்ச நேரம் இருங்க. இப்ப வந்துரும்.”

கம்ப்யூட்டரை நிறுத்தி, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். ஆயுத பூஜைக்கு அதில் வைத்த குங்குமப் பொட்டு இன்னும் இருந்தது. உள்ளறையிலிருந்து நின்றபடி சுற்றும் காற்றாடி ஒன்றை எடுத்து வந்து அதற்கு நேராகத் திருப்பி வைத்தேன். சின்னத்தை, “எங்களுக்கு ஒரு காத்தாடி, அதுக்குத் தனியா ஒன்னு” என்றார். பிறகு உள்ளமைப்புத் திரைக்குப் போனேன். டிவியோடு இணைத்திருந்ததால் நாற்பது பேரும் என் எண்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுக்கியவை. ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன். ஆறாயிரம். மனது வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. படம் வந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

படத்தைப் போட்டேன். மாப்பிள்ளை வாசலைத் தாண்டினார். மாலை மாற்றினார்கள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அட்டைகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய நேரம் ராத்திரி, அறை குளிர்ச்சி, அப்போது சரியாகத்தான் எழுதியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சொன்னால் ஆயிற்றா? ஐயர் தாலித் தட்டைச் சுற்றிக் காட்டி வாங்கினார். கெட்டிமேளம் எழுந்தது. “தலையக் குனிமா” என்று ஐயர் குரல் கேட்டது. அவள் நிமிர்ந்தாள். டிவி முழுக்க அவள் முகம். ஒரு கட்டம் சிதறவில்லை, ஒரு புள்ளி குறையவில்லை. நேராகப் பார்த்தாள்.

மாமாவின் வலது கை தானாக எழுந்தது, அரிசி போடுவதற்கு எழுவதுபோல். பாதியில் நின்றது. கையில் ஒன்றுமில்லை.

“என்னையத்தான பாக்குறா?” என்றார்.

நாத்தனார் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். “ஆமாப்பா. அண்ணிகிட்ட கேட்டுட்டுதான் பாத்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதிலென்ன. அதுவரை அடக்கி வைத்திருந்த பயம் மொத்தமும் கண்ணீராக இறங்கியபோது உடம்பே லேசாகிவிட்டது. சின்னத்தை அதற்குள் எழுந்து சமையலறைக்கு ஓடி, ஒரு கிண்ணத்தில் அரிசியும் மஞ்சள்தூளுமாகப் பிசைந்துகொண்டு வந்தார். எல்லார் கையிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டார்.

“திரும்பப் போடுமா” என்றார் மாமா. “இந்தவாட்டி கை சும்மா இருக்காது.”

திரும்பப் போட்டேன். கெட்டிமேளம் கொட்டியதும் நாற்பது பேரும் டிவியைப் பார்த்து அரிசியை வீசினார்கள். பாதி டிவி மேல், பாதி திறந்து கிடந்த என் கம்ப்யூட்டருக்குள்.

“ஐயோ, அதுக்குள்ள போடாதீங்க, சின்னத்தை!”

“கெடக்கட்டும் லா. அதுவும் இன்னிக்கி நல்லா ஒழச்சிருக்கு.”

மறுநாள் வேலைக்கு லீவு போட்டு அரிசி பொறுக்கினேன். காற்றாடி இறக்கைகளில், கம்பிகளுக்கு நடுவில், ரேம் இடுக்கில், எங்கு பார்த்தாலும் மஞ்சள். வேகத்தை மறுபடியும் ஏற்றவில்லை. கம்ப்யூட்டர் இப்போது கூடத்திலேயே இருக்கிறது. மாமா மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் கூரையைப் பிளக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்து, “அதக் கொஞ்சம் போடுமா” என்பார். நானும் பயமில்லாமல் போடுகிறேன்.