சகலை வீட்டுச் சின்ன டின்

எங்கள் தெருவில் "சிப்பாய் எங்கே?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் பை தைக்கும் கடையைத்தான் கைகாட்டுவார்கள். கடைக்காரர் ஒருநாளும் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. "கரப்பான் பூச்சியப் பாத்தா கட்டில் மேல ஏறி நிப்பாரு, இவரு சிப்பாயாம்" என்பார் அவர் மனைவி. அவர் காதில் விழ வேண்டும் என்றே சொல்வார்.

நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு ஜிப்புக்காக. எங்கள் வம்சத்திலேயே முதலாவதாக வாங்கிய பட்டத்தை வைத்திருந்த பை, நூலகத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர வேண்டிய நேரம் பார்த்து வாயைப் பிளந்துகொண்டது. பையை அவரிடம் நீட்டினேனே தவிர, கை விடவில்லை.

"உள்ள என்ன தம்பி, தங்கமா? விட்டாத்தானே தைக்க முடியும்."

"டிகிரி."

"அடேங்கப்பா" என்று வாங்கினார். பழைய ஜிப்பைப் பிரித்துவிட்டு, பெட்டிகளுக்குப் போடும் தடிமனான ஜிப் ஒன்றை வைத்துத் தைத்தார். அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் டிகிரி. பிறகு அந்தக் கடைக்கு மேலேயே ஓர் அறை காலியாக, நான் அங்கே குடிவந்தேன்.

கடை ஒரு ஆள் அகலம்தான். ஒரு தையல் மெஷின், துளை விளிம்பில் கண்ணி வளையம் அடிக்கும் சுத்தியல், ஜிப் ஓட்டிகள் நிறைந்த டப்பாக்கள், எந்நேரமும் பசை வாசம். மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியில் சிங்க முகம் போட்ட பளபளப்பான பக்கிள் ஒன்று. அந்தப் பக்கிளின் வளையத்தில் கத்தரிக்கோல் தொங்கும். கத்தரிக்கோலை எடுக்கும்போதெல்லாம் சிங்கம் ஒருமுறை தலையாட்டும்.

கடைக்குப் பின்னால் இருந்த அறையைத்தான் அவர் மனைவி "பாசறை" என்பார். பழைய பட்டாளத்துச் சாமான்கள் அங்கே தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கப்பட்டிருக்கும். பெல்ட்டுகள், தொப்பிச் சின்னங்கள், தோட்டாப் பைகள், கணுக்காலில் சுற்றும் பட்டிகள், தண்ணீர்ப் புட்டிகள், மூன்று ஹெல்மெட்டுகள். அதில் ஒரு ஹெல்மெட்டில் வெங்காயம் கொட்டி வைக்கலாம் என்று அந்த அம்மாவுக்கு ஒருநாள் தோன்றியிருக்கிறது. அன்று அந்த வீட்டில் நிஜமாகவே போர் மூண்டதாகக் கேள்வி.

முதல் தடவை அந்தக் கித்தான் பெல்ட்டுகளைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு மாட்டின் கழுத்துப் பட்டைதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் உழைக்கிற ஜீவன், இதுவும் உழைக்கிற ஜீவன். பட்டை எங்க தேய்ஞ்சிருக்குன்னு பாத்தா எவ்வளவு இழுத்திருக்குன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

அடுக்குகளில் இருந்ததெல்லாம் சேகரிப்பு. கீழ்த்தட்டில் தனியாக ஒரு வெள்ளைத் துணியில் இருந்தது மட்டும் "நம்மாளு".

நம்மாளு யார் என்று யாருக்கும் தெரியாது. அவர் தோள்பைதான் முதலில் வந்தது. வார் அறுந்துவிட்டது என்று யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு, திரும்ப வரவே இல்லை. பையின் உள்மடிப்பில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சுக் குத்தியிருந்தது. அதில் ஏழு மட்டும் குடித்தவனைப் போலச் சாய்ந்து நிற்கும். சில மாதம் கழித்துப் பழைய சாமான் சந்தையில் ஒரு தண்ணீர்ப் புட்டியைத் திருப்பிப் பார்க்கிறார், அதே எண், அதே சாய்ந்த ஏழு. ஒரே ஆளுடைய மூட்டை எப்போதோ ஏலத்தில் போய், ஊர் முழுக்கச் சிதறியிருக்கிறது என்பது புரிந்தது. அதன்பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. பெல்ட் ஒரு சுமைதூக்குபவரின் இடுப்பில் கிடைத்தது. இரண்டு புது பெல்ட்டைக் கொடுத்துக் கழற்றி வாங்கினார். குவளை ஒரு டீக்கடையில் சில்லறை போடும் பாத்திரமாக இருந்தது. சாப்பாட்டு டின் ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தது.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாளத்துச் சாப்பாட்டு டின் ஒன்று இல்லை, இரண்டு. மடக்குக் கைப்பிடி வைத்த நீள்சதுரப் பாத்திரங்கள். சின்னது பெரியதற்குள் அடங்கிவிடும். ஒன்றில் சமைத்து இன்னொன்றில் சாப்பிட வேண்டியதுதான். கோழி வீட்டில் கிடைத்தது பெரியது. சின்னது மட்டும் கிடைத்தால் நம்மாளு முழு ஆளாகிவிடுவார்.

சின்னது எங்கே இருக்கிறது என்று அவருக்கு மூன்று வருடமாகவே தெரியும். அவருடைய சகலை வீட்டுக் குளியலறையில், முகம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஷேவிங் பிரஷ்ஷும் பிளேடுமாக இருந்தது.

சகலை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். மனைவியின் தங்கையைக் கட்டியவர். இவரைப் பார்த்துத்தான் அவருக்கும் பழைய சாமான் மேல் ஆசை வந்தது. கல்யாணமான புதிதில் அந்தச் சிங்க முகப் பக்கிளை வாங்கி, வண்ணக் காகிதம் சுற்றி, இவருக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். வீடு நிறைய உறவுக்காரர்கள். இவர் பிரித்தார், திருப்பினார், நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். "இது நாடக செட்டு சகல. ராஜா வேஷத்துக்குக் கட்டுறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். பக்கிள் கத்தரிக்கோல் ஆணிக்குப் போனது.

பல வருடம் கழித்துச் சகலை வீட்டில் கை கழுவப் போன இடத்தில் இவர் அந்தச் சாய்ந்த ஏழைப் பார்த்துவிட்டார். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு டின்னோடு கூடத்துக்கு வந்து, "இது என்னுது, எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

"கேட்டு எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றார் சகலை.

"என்ன கேக்கணும்?"

"குடுன்னு கேக்கணும்."

மூத்த சகலை இளைய சகலையிடம் கேட்பதா? டின்னை மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. அக்காவும் தங்கையும் போனில் மட்டும் பேசிக்கொண்டார்கள், அதுவும் இவர் கடைப்பக்கம் இருக்கும்போது.

இந்த நிலையில் எங்கள் நூலகத்துக் கண்ணாடிப் பெட்டி காலியாகக் கிடந்தது. ஒரு வாரத்துக்கு இவருடைய சாமான்களை வைக்கலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினேன். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை விட்டு எழுந்துவிட்டார். நாலைந்து தடவை "நிஜமாவா?" என்றார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நம்மாளைத்தான் வைக்கணும், டிகிரி. ஆனா சோத்துப் பாத்திரத்துல பாதி இல்லாம ஒரு மனுசனை எப்படி நாலு பேர் முன்னாடி வைக்கிறது?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "போய் ஒரு வார்த்தை கேட்டா நாக்கு தேஞ்சா போயிடும்? அந்தாளுக்குப் பாதிச் சாப்பாடு போச்சுன்னு அழுறீங்க. எனக்குக் கூடப்பொறந்தவளே போயிட்டா."

அவர் எழுந்து மெஷினை மூடினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "வா, டிகிரி. நீ சும்மா கூட இரு. தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

டிரைவிங் ஸ்கூல் வாசலில் சகலை ஓர் அம்மாவைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு அவருக்கு மூன்றாம் வகுப்பு. எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல் சகலை காரில் ஏறினார். இவர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கார் கிளம்பிவிட்டது.

"யாருங்க இவங்க?" என்றார் அந்த அம்மா, கண்ணாடியில் பார்த்தபடி.

"கண்ணை ரோட்டுல வைங்கம்மா. பின்னாடி ரெண்டு மூட்டைன்னு நெனச்சுக்கங்க."

ஒரு முனை திரும்பியதும் மூட்டைகளில் ஒன்று வாயைத் திறந்தது.

"நூலகத்துல வைக்கப் போறாங்க" என்றார் இவர், ஜன்னலைப் பார்த்து.

"கேள்விப்பட்டேன், இப்பத்தான் வீட்டுக்கு போன் வந்துச்சாம். கிளட்ச்சை மிதிங்கம்மா, கிளட்ச்."

"ஒரு வாரம்."

"சந்தோசம். என்னத்துக்கு இங்க வந்தீங்க? லைசென்ஸ் வேணுமா?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே. நான் நாடக செட்டு வாங்குறவன்."

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் வந்த பேருந்து ஹாரனில் திட்டியது. அந்த அம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பினார்.

"ஐயா, ஒண்ணு நீங்க கேளுங்க, இல்லன்னா இவர் குடுக்கட்டும். எனக்கு வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு."

பேருந்து மறுபடி ஹாரன் அடித்தது.

"குடு, சகல" என்றார் இவர். குரல் பசை காய்ந்தது போல வந்தது. "ஒரு வாரத்துக்குக் குடு. கேக்கறேன்."

சகலை அந்த அம்மாவுக்கு வண்டியைக் கிளப்பச் சொல்லிக்கொடுத்தார். கார் நகர்ந்த பிறகுதான் பேசினார்.

"அந்தப் பக்கிள் எங்க?"

"கடையில."

"கத்தரிக்கோல் மாட்டியிருக்கீங்க, தெரியும். அதையும் பெட்டியில வைங்க. டின்னு பக்கத்துலயே. அப்பத் தர்றேன்."

இவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சேகரிப்புக்காரர்களுக்கு அசலோடு போலியைச் சேர்த்து வைப்பது பால் குடத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றுவது போல. அதுவும் நம்மாளு பக்கத்தில். அத்தனை வருடம் ஒவ்வொரு எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சேர்த்த ஆள் பக்கத்தில். கார் மறுபடி டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு வந்தது.

இறங்கும்போது, "சரி" என்றார்.

மறுநாள் சின்ன டின் வந்தது. சகலையின் மனைவியே கொண்டுவந்தார். அக்காவும் தங்கையும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று வருடப் பேச்சு பாக்கி. இவர் டின்னிலிருந்த சோப்புக் கறையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பெரியதற்குள் இறக்கினார். ஒரு சத்தமும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. அதைப் பார்த்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பசை நெடி" என்றார்.

நூலகத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு ஆள் படுத்திருப்பது போலவே அடுக்கினார். தோள்பை, பெல்ட், இடுப்போரம் புட்டி, குவளை, டின் இரண்டும். ஒவ்வொன்றின் கீழும் வைக்க அவர் சொல்லச் சொல்ல நான் அட்டை எழுதினேன். கடைசியில் பாக்கெட்டிலிருந்து சிங்கத்தை எடுத்தார். டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். தள்ளி வைத்தார். மறுபடி பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கு என்ன எழுத?" என்றேன்.

"எழுதாதே. அசலுன்னு எழுதினா பொய். போலின்னு எழுதினா..." பாதியில் நிறுத்தினார். "ஒரு தடவை சொன்னது போதும். சும்மா வெத்து அட்டைய வை."

முதல் நாளே கூட்டம் வந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்கத்தைத்தான் பார்த்தார்கள். பளபளவென்று இருந்தது அது ஒன்றுதானே. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கோழிக்குத் தண்ணீர் வைத்த டின்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் தூண் ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சகலை இஸ்திரி போட்ட சட்டையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நேராகப் பெட்டிக்குப் போனார். சிங்கம் அவர் சொன்ன இடத்தில் இருந்தது. குனிந்து அட்டையைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் எழுதியிருக்கு. இது மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?"

இவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகலை இவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார்.

அந்த நேரம் மருந்துக் கடை அம்மா வந்து சேர்ந்தார். "இதுக்குத்தானா அன்னிக்கு என்னைப் பேருந்துக்கு முன்னாடி நிறுத்துனீங்க?" என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார். "ஆனா இந்தச் சிங்கம் அழகா இருக்கு. பெரிய ஆபீசருதா?"

இவர் வாயைத் திறப்பதற்குள் சகலை பேசிவிட்டார்.

"இல்லம்மா. அது நாடக செட்டு. ராஜா வேஷத்துக்குக் கட்டுறது." ஒரு நொடி விட்டு, "நான்தான் வாங்கிக் குடுத்தேன். எனக்கு அப்ப அவ்வளவுதான் தெரியும். நீங்க அந்த டின்னைப் பாருங்க. எண்ணைப் பாருங்க, அந்த ஏழு எப்படிச் சாஞ்சிருக்கு பாருங்க. அண்ணே, இங்க வாங்க, அம்மாவுக்கு விவரம் சொல்லுங்க."

அண்ணன் வந்தார். ஆனால் விவரம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "டிகிரி, பேனா இருக்கா?" என்றார்.

"என்ன எழுத?"

"முதல் வரியில, 'சகலை அன்பளிப்பு'. நாடக செட்டுங்கறதை அடுத்த வரியில போடு. கொஞ்சம் சின்ன எழுத்துல."

"பெருசாவே போடுங்க, டிகிரி" என்றார் சகலை. "மறைக்க என்ன இருக்கு?"

"நீ சும்மா இரு, சகல. பெட்டி என்னுது."

இரண்டு வரியையும் ஒரே அளவில் எழுதினேன்.

வாரம் முடிந்ததும் சகலை டின்னை விட்டுக் கொடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் விடவில்லை. சொன்னபடி வந்து, பெரியதற்குள்ளிருந்து சின்னதைத் தூக்கி எடுத்து, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். "கேட்டது ஒரு வாரத்துக்குத்தானே?" என்றார் இவர், நான் கேட்காமலே.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பாய் கடை பூட்டிக் கிடக்கும். கணவனும் மனைவியும் சகலை வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா சமையலறைக்கு, இவர் நேராகக் குளியலறைக்கு. பிரஷ்ஷை வெளியே எடுத்து வைப்பார், டின்னைத் துடைப்பார், சாய்ந்த ஏழை ஒருமுறை விரலால் தடவுவார். கூடத்திலிருந்து சகலை குரல் கொடுப்பார்.

"பாத்தாச்சாண்ணே? பாத்தா பிரஷ்ஷை உள்ள போட்டுட்டு வாங்க. எனக்கு இன்னும் ஷேவிங் ஆகல."

கடையில் கத்தரிக்கோலுக்குப் புதிதாக ஒரு கம்பி வளையம் வந்திருக்கிறது. சிங்கம் பாசறையில், மேல்தட்டில், தன் அட்டையோடு இருக்கிறது.