கோவில்பட்டிக்காரி போட்ட கடலை மிட்டாய்

கோவில்பட்டியில் யாரும் வீட்டில் கடலை மிட்டாய் போடுவதில்லை. தூத்துக்குடிக்காரர்கள் வீட்டில் உப்புக் காய்ச்சுகிறார்களா என்ன? தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது. போனால் பொட்டலம் கட்டித் தருவார்கள். நானும் அப்படி வாங்கித் தின்று வளர்ந்தவள்தான். தின்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். போன முதல் வாரத்தில் நான் காய்ச்சிய கம்பங்கூழில் கட்டி விழுந்துவிட்டது. கட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் கூழும் இருந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். மாமியார் குடித்து முடித்துவிட்டு, "கோவில்பட்டிப் பிள்ளைல்லா, கடலை மிட்டாயாவது போடத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அதென்ன அத்தை பெரிய வித்தை? கண்ணக் கட்டிக்கிட்டுப் போடுவேன்" என்றேன். வாய் மட்டும் இல்லையென்றால் என்னை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஆறு மாதம் தப்பித்துவிட்டேன். பிறகு நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முன்பு இரண்டு வீட்டார் வந்து, வயிறாரத் தின்று, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். இது மூன்றாவது இடம். கோவில்பட்டிக்காரர்கள். மாப்பிள்ளைக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவருடைய போட்டோவை நாத்தனார் தையல் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன். "மதினி, இதாவது அமைஞ்சிரணும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

மாமியார் ஒரு திட்டம் போட்டார். "அவிய ஊர்ப் பலகாரத்தையே வச்சு அசத்திருவோம். நீ கடலை மிட்டாய் போடு. பொண்ணு போட்டதுன்னு சொல்லிக்கிடுவோம்." பெண் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாப் பலகாரமும் பெண்ணின் கைப்பக்குவம் என்று சொல்வது வழக்கம்தான். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறோமே என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். எனக்கோ, பாடுபடுவது நான், பெயர் வாங்குவது அவளா என்ற பொருமலே பெரிதாக இருந்தது.

கடலை வறுப்பது, தேய்ப்பது, சொளகில் புடைத்துத் தோலை ஊதுவது எல்லாம் நன்றாகவே நடந்தது. வெல்லப் பாகில்தான் சனி பிடித்தது. பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வர வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். சத்தம் வந்தது. இறக்கியிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டேன். கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவாத தாம்பாளத்தில் பரப்பினேன். ஆறட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று குளிக்கப் போனேன். சூட்டோடு வெட்ட வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும், எனக்குத் தெரியாது.

தலை துவட்டிக்கொண்டு வந்து கத்தியை வைத்தேன். கத்தி வளைந்தது. தாம்பாளத்தைக் கவிழ்த்துத் தட்டினேன். கடைசியில் அம்மிக் குழவியால் போட்டேன் ஒரு போடு. மிட்டாயோடு தாம்பாளமும் நெளிந்தது. சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே நாத்தனார், "மதினி, இது இப்படித்தான் இருக்குமா?" என்று பயந்து கேட்டாள். "ஒனக்கென்ன தெரியும்? எங்க ஊருல இதுதான் முதல் தரம்" என்றேன்.

மாலையில் வந்தார்கள். மாமியார், "எல்லாம் பொண்ணு கைப்பக்குவம்" என்று சொல்லி வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். இடது பக்கம் கடித்தார், வலது பக்கம் கடித்தார், பிறகு கையில் எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தார். மாப்பிள்ளை கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பாகுக்கு என்ன பதம் பாத்த?" என்று நாத்தனாரைக் கேட்டார் அந்த அம்மா.

நாத்தனார் கதவோரம் நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் முத்திப்போச்சு அத்தை" என்றாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கத்தான் செய்தேன். "நான் அப்பவே சொன்னேன், கேக்கல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் வெள்ளிக்கிழமை தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமியார் என்னைப் பார்த்து, "கண்ணக் கட்டிக்கிட்டுப் போடுவேன்னு சொன்ன. கட்டிக்கிட்டுத்தான் போட்டிருக்க" என்றார். அதுகூடப் பரவாயில்லை. நாத்தனார் என் பக்கம் திரும்பாமல் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

வெள்ளி போய்ச் சனியும் வந்தது. தகவல் வரவில்லை. அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், உட்காரச் சொல்வதற்குள், "அத்தை, அன்னைக்கு மிட்டாய் போட்டது நான்தான். அந்தப் பிள்ள பாகு பக்கமே வரல. என்னக் காட்டிக்குடுக்காம பழிய அவ ஏத்துக்கிட்டா. நான் அவ மேலயே பழியத் தூக்கிப் போட்டுட்டேன்" என்று கொட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

அந்த அம்மா சிரித்தார். "அது அன்னைக்கே தெரியும். 'முத்திப்போச்சு'ன்னு சொல்லுததுக்கு முன்னால அவ ஒன்னத்தான பாத்தா? எம்மவனோட அப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்ல, அதான் சொல்லிவிட நாளாச்சு. எங்களுக்குச் சம்மதம்தான்."

எனக்குப் போன உயிர் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ" என்றார் அந்த அம்மா. "நானும் லேசுப்பட்ட மாமியார் இல்ல. ஆனா ஒங்கூட ஆறு மாசம் இருந்து சமாளிச்ச பிள்ள, எங்கூட இருந்துருவா. அந்தத் தைரியத்துலதான் சரின்னேன்."

ஊருக்குத் திரும்பி, சம்மதம் சொன்னதை மட்டும் வீட்டில் சொன்னேன். நாத்தனார் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒங்களாலதான் மதினி, எல்லாம் ஒங்களாலதான்" என்றாள். அவள் சொன்னது ஒருவகையில் உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத்தான் வெட்கமாக இருந்தது.