பன்னிரண்டரைப் பாகம்

1. மூன்றாம் நாள்

கூடம் திறந்த மூன்றாம் நாள் காலை, கடலின் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் வைத்திருந்த மூலையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் வாசல் மேசையில் இருந்தேன். கண்காட்சிக்கு வருகிறவர்கள் வியப்பார்கள், அல்லது அலுத்துப்போய்க் கொட்டாவி விடுவார்கள். சிரிப்பதற்கு நாங்கள் எதையும் வைத்திருக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன்.

கிண்ணியாவிலிருந்து துறை தாண்டி வந்த மீனவர்கள். நடுவில் நின்ற பெரியவர், நான் எழுதிய விளக்கப் பலகையை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் சத்தமாக வாசித்தார்: "உள்துறைமுகத்தில் கருவி பதிந்த ஆழம் பன்னிரண்டு பகுதி."

"கேட்டீங்களா?" என்றார் பெரியவர். "நம்மட கடலப் பகுதி பகுதியா வெட்டி வச்சிரிக்காங்க, இறைச்சிப் பங்கு மாதிரி. கிண்ணியாவுக்கு எத்தின பங்காம் எண்டு கேளுங்க."

மறுபடியும் சிரிப்பு. பெரியவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி இஞ்சதான் வேலையா? ஒரு பகுதி எண்டா எத்தின முழம்?"

நான் பலகையை மறுபடி வாசித்தேன். பலகை என்னுடையது. வசனம் என்னுடையது. பிழை திருத்தியதும் நான்தான்.

அந்தப் பெரியவர் அபூசாலி காக்கா. காக்கா என்றால் கிண்ணியாவில் அண்ணன். நாற்பது வருடம் கொட்டியாரக் குடாவில் தொழில் செய்தவர். அன்று எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

2. 'நாளைக்கு வாறம்'

எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலை உள்துறைமுகக் கரையில் வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன பண்டகசாலை ஒன்றுக்கு வெள்ளையடித்து, 'நாளைய தொழில்நுட்பக் கூடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூரையின் கீழ்ப் பாரந்தூக்கியின் தண்டவாளம் அப்படியே ஓடியது. அதன் கீழே, தட்டச்சு செய்ததைக் கம்பி வழியே அனுப்பும் ஒரு டெலெக்ஸ் இயந்திரம். கடல்நீரை வெயிலில் வைத்துக் குடிநீராக்கும் கண்ணாடிப் பெட்டி. உட்புறம் தெரியக் குறுக்காக அறுத்த ஃபைபர்கிளாஸ் வள்ளம். கம்ப்யூட்டர் ஒன்றின் நினைவுத் தகடு, பார்ப்பதற்கு ஒரு பூதக்கண்ணாடி. மீன்பிடிப் படகுக்கான எக்கோ சவுண்டர். துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலின் மேல்தட்டிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது எங்கள் வெள்ளைச் சுவர்தான். அந்தச் சுவரைக் காட்டி, "அங்கே வேலை செய்கிறேன்" என்று சொல்வதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்பது வருடம் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். சொந்த ஊரில் இப்படி ஒன்று வருகிறது என்றதும் வேலையை விட்டு வந்தேன். பலகைகளைத் தமிழில் எழுதுவது என் பொறுப்பு. கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பொறியியலாளர் குணரத்தினம். கருவிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. அவற்றைப் பற்றிச் சுருக்கமாகப் பேசத்தான் அவருக்குத் தெரியாது.

கூடம் ஆறு மாதப் பரீட்சார்த்தத்தில் இருந்தது. தலைநகரிலிருந்த எங்கள் பணிப்பாளர் போட்ட நிபந்தனை எளிமையானது. பாடசாலைப் பிள்ளைகள் எங்கே வைத்தாலும் வருவார்கள். கடலிலும் துறைமுகத்திலும் உழைக்கிறவர்கள் வரவேண்டும், வந்து பயன்பெற வேண்டும். அது நடக்காவிட்டால் கருவிகளைப் பெட்டியில் அடைத்துத் தலைநகருக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

திறப்பதற்கு முன் குணரத்தினமும் நானும் சல்லி என்ற மீனவக் கிராமத்துக்கு அறிவிக்கப் போனோம். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிராமலே கேட்டார்: "என்ன கூடம் எண்டனீங்கள்? நாளைய கூடமோ? அப்ப நாளைக்கு வாறம்."

அந்தக் கதை எங்களுக்கு முன்பே குச்சவெளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கேயும் அதையே சொன்னார்கள். ஆகவே மூன்றாம் நாள் வந்த கிண்ணியாக்காரர்கள்தான் எங்களைத் தேடி வந்த முதல் மீனவர்கள். அவர்கள் எங்கள் பலகையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

3. எல்லா இடத்திலும்

பிழை நடந்த விதம் இது. குணரத்தினம் ஆங்கிலத்தில் தந்த குறிப்பில் ஆழம் 'ஃபேதம்' என்ற கடலோடிகளின் அளவில் இருந்தது. அதற்குத் தமிழ் என்னவென்று துறைமுகக் காவலாளியிடம் விசாரித்தேன். "பாகம்" என்றார். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து எல்லாப் பலகைகளையும் ஒன்றாக வைத்துத் திருத்தினேன். 'இயந்திரத்தின் பாகங்கள்', 'வள்ளத்தின் முற்பாகம்' என்று பக்கத்துக்குப் பக்கம் பாகம் வந்தது. எங்கள் பத்திரிகையில் ஒரு விதி உண்டு: பாகம் என்று வந்தால் பகுதி என்று மாற்று. ஒன்பது வருடப் பழக்கம். பலகை எழுதும் பெயின்டரிடம் சொன்னேன்: "பாகம் எண்டு வாற இடமெல்லாம் பகுதி எண்டு போடுங்கோ."

அவர் தூரிகையை வைத்துவிட்டுக் கேட்டார்: "எல்லா இடத்திலையுமோ ஐயா?"

"ஓம், எல்லா இடத்திலையும்."

இயந்திரத்தின் பாகங்கள் பகுதிகளாகின. கூடவே கடலின் ஆழமும் பகுதியாகியது.

அந்த மூன்றாம் நாள் காலை, இதைக் குணரத்தினத்திடம் நான் சொல்லி முடிக்குமுன் அபூசாலி காக்காவே அவரிடம் வந்துவிட்டார். சிரிப்பு அடங்கியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த பதிவுத் தாளில் கருவி கடலடியை வரைந்த கருங்கோட்டை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுத்து கிடக்கட்டும் ஐயா. இந்தப் பெட்டி சொல்றது மெய்யா?"

"மெய்தான். சத்தம் கீழ போய்த் திரும்பி வாற நேரத்தை வச்சு..."

"அது எனக்கு விளங்காது. கடலுக்குள்ள வச்சுப் பாப்பம். என்ட கயிறு ஒரு பக்கம், ஒங்கட பெட்டி மத்தப் பக்கம்."

குணரத்தினம் என்னைப் பார்த்தார். கண்காட்சிக் கருவியை வெளியே எடுக்க அனுமதி இல்லை. ஆனால் அன்று மறுத்தால் மீனவர்கள் கிண்ணியாவுக்குக் கொண்டுபோகும் செய்தி என்னவாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த நாள் வாறன்," என்றார் குணரத்தினம். "வள்ளம் உங்கட."

4. அரை

சனிக்கிழமை காலை கடல் அமைதியாக இருந்தது. வள்ளத்தின் நடுவில் பெட்டியும் பற்றரியும். ஒலி அனுப்பி வாங்கும் உறுப்பை ஒரு மூங்கில் கழியில் கட்டி, வள்ளத்தின் பக்கவாட்டில் நீருக்குள் இறக்கினார் குணரத்தினம். அபூசாலி காக்காவின் கையில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. பாகத்துக்கு ஒரு சிவப்புத் துணித் துண்டு முடிந்திருந்தது. நான் அப்பியாசக் கொப்பியில் இரண்டு நிரல் கோடு போட்டு வைத்திருந்தேன்.

முதல் இடம். கயிறு நாலு பாகம் என்றது. பெட்டி மூன்றரை.

இரண்டாவது இடம். கயிறு ஒன்பது. பெட்டி எட்டரை.

குணரத்தினத்தின் முகத்தில் ஒரு சிறு சிரிப்பு வந்தது. "காக்கா, கோவிக்காதேங்கோ. பாகம் எண்டது ஒவ்வொருத்தற்ற கை நீளம். உங்கட கை ஆறடிக்குக் கொஞ்சம் கட்டையாயிருக்கும்."

அபூசாலி காக்கா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "என்ட கை கட்டையெண்டா, ஆழம் கூடக் கூட வித்தியாசமும் கூடணும். நாலுலயும் அரை. ஒம்பதுலயும் அரை. இன்னும் வெளிய போய்ப் பாப்பம். அங்கயும் அரை எண்டா, பிழை என்ட கையில இல்ல."

வெளியே போனோம். கயிறு பதினைந்து. பெட்டி பதினாலரை.

அந்த எண்களையும் நிரலில் எழுதினேன். பிறகு குணரத்தினம் குனிந்து, மூங்கில் கழி எவ்வளவு நீருக்குள் நிற்கிறது என்று கையால் அளந்தார். மூன்று அடி. அரைப் பாகம். பெட்டி ஆழத்தை அளந்தது உறுப்பின் முனையிலிருந்து. அதற்கு மேலே இருந்த மூன்றடித் தண்ணீரைக் கூட்ட அவர் மறந்திருந்தார். கூடத்தில் ஒட்டியிருந்த தாளும் திறப்புக்கு முன் இதே கழியால் எடுத்ததுதான். ஆகவே என் பலகையில் சொல்லும் பிழை, எண்ணும் பிழை.

"பெட்டி பொய் சொல்லல்ல," என்றார் அபூசாலி காக்கா. "அது நிண்ட இடத்தில இரிந்து சரியாத்தான் சொல்லியிரிக்கி. நீங்கதான் அது நிண்ட இடத்தக் கேக்கல்ல."

திரும்பும் வழியில் கருவியை அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாள் ஓடுவதையே பார்த்தார். அடியின் கருங்கோட்டுக்கு மேலே ஒரு மங்கல் திட்டு விழுந்ததும், குணரத்தினம் வாய் திறக்குமுன், "மீன்" என்றார்.

5. பலகை

புதிய பலகையை அன்று பின்னேரமே எழுதினேன்: 'ஆழம் பன்னிரண்டரைப் பாகம். தாள் பன்னிரண்டு என்று காட்டும். கருவியின் முனை நீருக்குள் அரைப் பாகம் கீழே இருந்ததால் அரை கூட்டவும். முதலில் நாங்கள் கூட்ட மறந்தோம். சுட்டிக்காட்டியவர்கள் கிண்ணியா மீனவர்கள்.'

குணரத்தினம் வாசித்துவிட்டுக் கேட்டார்: "எங்கட பிழையை நாங்களே பலகையில எழுதுறதோ?"

"பத்திரிகையில திருத்தம் போடுவம் ஐயா. உள்பக்கத்தில, சின்ன எழுத்தில."

"அப்ப இதையும் சின்ன எழுத்தில போடுமன்."

"கிண்ணியாவில பெரிய சத்தமாத்தான் சிரிச்சிருப்பினம்."

அவர் கையெழுத்துப் போட்டார். மற்ற எழுத்து என்ன அளவோ அதே அளவில் எழுதினார் பெயின்டர்.

அடுத்த கிழமையிலிருந்து மீனவர்கள் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து படகில், சல்லியிலிருந்து சைக்கிளில், குச்சவெளியிலிருந்து பஸ்ஸில். முதலில் பார்ப்பது அந்தப் பலகையை. பிறகு மற்றப் பலகைகளில் பிழை தேடுவார்கள். சல்லிப் பெண்கள் சிலர் குடிநீர்ப் பெட்டியைச் சுற்றி நின்று, "கண்ணாடியில உப்புப் படிஞ்சா ஆர் துடைக்கிறது? அதை எழுதேல்லையே" என்றார்கள். எழுதினேன். வள்ளத்தின் உறுப்புகளுக்கு நான் இட்டிருந்த பெயர்களில் பாதிக்குமேல் மாறின. துறைமுகத் தொழிலாளர்கள் மதிய இடைவேளையில் வந்து டெலெக்ஸ் முன்னாலிருந்த கதிரையில் உட்காரப் போட்டிபோட்டார்கள்.

6. இரண்டு கைகள்

ஆறாவது மாத முடிவில் பணிப்பாளர் வந்தார். தமிழ் தெரியாதவர். கூடவே மொழி அலுவலர் ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். கூடம் நிறைந்திருந்தது. ஆனால் மொழி அலுவலர் நேராக எக்கோ சவுண்டரிடம் போய் நின்றார்.

"பாகம் என்றால் கூறு, பிரிவு. ஆழத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. அரசாங்கச் சொற்றொகுதியில் வேறு சொல் இருக்கிறது. இந்தப் பலகையைக் கழற்றவேண்டும்."

கழற்ற ஒப்புக்கொண்டால், ஆறு மாதமாக வந்தவர்கள் இனி வரமாட்டார்கள். மறுத்தால், பணிப்பாளர் எழுதப்போகும் அறிக்கையில் முதல் வரியே அதுவாக இருக்கும். "கழற்ற ஏலாது ஐயா" என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது.

பணிப்பாளர் என்ன தகராறு என்று கேட்டார். குணரத்தினம் ஆங்கிலத்தில் சொன்னார். பணிப்பாளர் சுற்றிப் பார்த்து, கருவிக்குப் பக்கத்தில் நின்ற அபூசாலி காக்காவைக் காட்டி, பாகம் என்றால் என்னவென்று அவரிடமே கேட்கச் சொன்னார்.

அபூசாலி காக்கா பணிப்பாளருக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் முழுதாக விரித்து நின்றார்.

பணிப்பாளர் ஒரு கணம் பார்த்தார். பிறகு கையிலிருந்த கோப்பை மொழி அலுவலரிடம் கொடுத்துவிட்டு, தானும் இரண்டு கைகளை விரித்தார். ஃபேதம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அடியில் இதே இரண்டு கைகள்தான் இருக்கின்றன என்று குணரத்தினம் பிறகு எனக்கு விளக்கினார். அந்த நேரத்தில் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. விரல் நுனிகள் தொடுகிற தூரத்தில் இருவரும் நின்றார்கள். கூடமே கை தட்டியது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கூடம் திருகோணமலையிலேயே இருக்கும். இன்னொரு வேலையும் தந்திருந்தார்கள்: கடல் தொழிலில் வழங்கும் சொற்களைத் திரட்டி அனுப்பவேண்டும். மொழி அலுவலர் அவற்றைச் சொற்றொகுதியில் சேர்ப்பார்.

பட்டியலை முடிக்க எனக்கும் அபூசாலி காக்காவுக்கும் நாலு மாதம் பிடித்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் போட்டேன். என் பெயருக்கு முன்னால் 'தொகுத்தவர்'. அவர் பெயருக்கு முன்னால் 'ஆலோசகர்'. கையெழுத்து வாங்கக் கிண்ணியாவுக்குப் போனேன்.

"என்ட பேருக்கு முன்னுக்கு என்ன போட்டிரிக்கீங்க?"

"ஆலோசகர் எண்டு, காக்கா."

"அதென்ன?"

"கேட்டாச் சொல்ற ஆள்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப பிழை தம்பி. நீங்க எங்க கேட்டீங்க? நான் கேக்காமத்தானே சொன்னன்."

அதன் பிறகு அந்தக் கூடத்தில் இருந்த பத்து வருடத்தில், அந்தக் கருவியைக் கையாளப் போகிறவரிடம் வாசித்துக் காட்டாமல் நான் ஒரு பலகையையும் பெயின்டரிடம் கொடுத்ததில்லை.